டையோடின் கோடு எந்தப் பக்கம்? படத்தையும் பாகத்தையும் சேர்த்துப் படிக்கும் முறை

மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் ஓட விடும் பாகம் டையோடு. அதில் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்றுதான் பலருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி மட்டும் உண்மையான இந்தப் பாடத்தை நம்பிச் சால்டர் வைத்தால், முதல் பவர் சப்ளையிலேயே புகை வந்துவிடும். நான்கு டையோடு சேர்ந்து ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் ப்ளஸ் வெளியே வருவது கோடு போட்ட காலிலிருந்துதான். வோல்டேஜைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தும் ஜீனர் டையோடில் கோடு போட்ட கால் ப்ளஸ் பக்கம்தான் சேர வேண்டும். மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் காயில் குறுக்கே போடும் டையோடிலும் அதேதான். அந்தக் கோடு மைனஸைக் குறிக்கவில்லை, ஒரு சுவரைக் குறிக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் அதைக் கழற்றி மாட்டாத கை கிடையாது. தண்ணீரை மேலே ஏற விடும், மோட்டார் நின்ற பிறகு கீழே இறங்க விடாது. உள்ளே இருக்கும் தட்டைத் தூக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். சிலிக்கான் டையோடில் அந்த அழுத்தம் சுமார் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை. வால்வில் தூசி அடைத்துக் கசிவதுபோல டையோடும் கசியும். தட்டு உடைந்தால் இரண்டு பக்கமும் ஓடும், அதைத்தான் கடையில் ‘ஷார்ட்’ என்கிறோம். குழாய் அடைத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் ஓடாது, அது ‘ஓபன்’.

படத்தில் இருப்பது

சர்க்யூட் படத்தில் டையோடு என்பது ஒரு முக்கோணமும், அதன் மூக்கு போய் முட்டும் ஒரு குறுக்குக் கோடும். முக்கோணத்தின் அகன்ற பக்கம் ஆனோடு. குறுக்குக் கோடு கேத்தோடு. மின்னோட்டம் முக்கோணம் காட்டும் திசையில் ஓடும். எதிர்த்திசையிலிருந்து வந்தால் சுவரில் முட்டி நிற்கும். டையோடின் உடம்பில் அச்சிட்ட வளையமும் படத்தில் உள்ள குறுக்குக் கோடும் ஒன்றேதான். கையிலிருக்கும் டையோடைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

பள்ளிப் பாடத்தில் எலக்ட்ரான் மைனஸிலிருந்து ப்ளஸ்ஸுக்குப் போகிறது என்று படித்தவர்கள் இங்கே குழம்புவார்கள். அது சரிதான். ஆனால் படத்தில் வரும் அம்புகள் எல்லாம் வழக்கமான மின்னோட்டத் திசையை, அதாவது ப்ளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போவதைக் காட்டுபவை. சர்க்யூட் படிக்கும்போது எலக்ட்ரானை மறந்துவிடுங்கள்.

சில படங்களில் முக்கோணம் கருப்பாக நிரப்பியிருக்கும், சிலவற்றில் வெறும் கோட்டுருவமாக இருக்கும், சிலவற்றில் நடுவே கம்பி ஓடுவதுபோலக் கோடு போயிருக்கும். மூன்றும் ஒன்றுதான். வித்தியாசம் குறுக்குக் கோட்டின் வடிவத்தில்தான் இருக்கிறது. அதன் இரு முனைகளும் எதிரெதிராக மடிந்து ஆங்கில இசட் போலத் தெரிந்தால் ஜீனர். முனைகள் கொக்கிபோல உள்பக்கம் திரும்பி எஸ் போலத் தெரிந்தால் ஷாட்கி, அதாவது குறைந்த வோல்டேஜிலேயே திறக்கும் டையோடு. இந்த இரண்டையும் அவசரத்தில் மாற்றிப் படிப்பது சகஜம், நின்று பாருங்கள். முக்கோணத்திலிருந்து இரண்டு குட்டி அம்புகள் வெளியே போனால் எல்இடி. வெளியிலிருந்து உள்ளே வந்தால் ஒளியை உணரும் போட்டோடையோடு. குறுக்குக் கோடு கண்டன்சர் மாதிரி இரட்டையாக இருந்தால் ரேடியோ ட்யூனிங்கில் வரும் வேராக்டர்.

கேத்தோடைப் படத்தில் கே என்று எழுதுவது ஜெர்மன் எழுத்துமுறையிலிருந்து வந்த வழக்கம். டையோடு என்ற பெயரை 1919-இல் வைத்தவர் வில்லியம் எக்கிள்ஸ். பெயர் வருவதற்கு முன்பே பொருள் நம் நாட்டில் இருந்தது. கலீனா என்ற ஈயக் கனிமத்தை வைத்து வானொலி அலையைக் கண்டறியும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஊசிமுனை போய்ப் படிகத்தைத் தொடும் அந்தக் காலத்து அமைப்பைத்தான் இன்றைய முக்கோணமும் கோடும் நினைவூட்டுகின்றன.

கையில் இருப்பது

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உதிரிபாகம் வாங்கப் போனால் ‘4007 பத்து’ என்று கேட்டால் போதும், நாடாவிலிருந்து வெட்டித் தருவார்கள். முழுப்பெயர் 1என்4007. கருப்பு உடம்பு, ஒரு ஓரத்தில் வெள்ளி நிற வளையம். 1 ஆம்பியர் தாங்கும். 4001-இலிருந்து 4007 வரை எல்லாம் ஒரே உடம்புதான், தாங்கும் எதிர் வோல்டேஜ் மட்டும் 50-இலிருந்து 1000 வரை ஏறும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் 4007-ஐ மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 3 ஆம்பியருக்கு 5408, உடம்பும் கால்களும் தடிமனாக இருக்கும். வேகமான சிறு சிக்னலுக்கு 4148, சின்ன ஆரஞ்சு நிறக் கண்ணாடி உடம்பு, கருப்பு வளையம். 5819, 5822 இரண்டும் ஷாட்கி. முதலாவது 1 ஆம்பியர், அடுத்தது 3 ஆம்பியர், இரண்டும் 40 வோல்ட்தான் தாங்கும். மெயின்ஸ் பக்கம் இவற்றைப் போடவே கூடாது. நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட்.

நாடாவில் வந்தால் எல்லா டையோடும் ஒரே திசையில் இருக்கும். ஒரு ஓரத்து நாடா சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் அது வளையத்தின் பக்கம். துளையில்லாமல் மேற்பரப்பிலேயே பாகங்களைச் சால்டர் செய்யும் போர்டுகளில் வரும் சின்னச் செவ்வக டையோடில் எம்7 என்று அச்சிட்டிருந்தால் அது 4007-இன் தம்பி. எஸ்எஸ்14 என்றால் 1 ஆம்பியர், 40 வோல்ட் ஷாட்கி. இவற்றிலும் கோடுதான் கேத்தோடு.

கண்ணாடி டையோடின் காலை உடம்போடு ஒட்டி மடக்காதீர்கள். 3 மில்லிமீட்டராவது விட்டு, மூக்குக் குறட்டால் காலைப் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். கண்ணில் தெரியாத கீறல் விழுந்தால் அன்றைக்கு வேலை செய்யும், ஈரக் காற்றடிக்கும் ஐப்பசியில் தகராறு செய்யும்.

மீட்டர் என்ன சொல்கிறது

வளையம் அழிந்துபோன டையோடுக்கும் சந்தேகமான டையோடுக்கும் டிஜிட்டல் மீட்டரின் டையோடு நிலைதான் தீர்ப்பு. திருகியில் டையோடு படம் போட்டிருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள். சிவப்பு வயரை ஒரு காலில், கருப்பை இன்னொரு காலில் வையுங்கள். 4007-க்கு ஒரு பக்கம் 0.5 முதல் 0.6 வரை காட்டும். விலை குறைந்த மீட்டர்கள் மில்லிவோல்ட்டில் 550 போலக் காட்டும். வயரை மாற்றி வைத்தால் ஓஎல் (அளவுக்கு மேல்) என்றோ இடது ஓரத்தில் வெறும் 1 என்றோ வரும். எண் காட்டிய நிலையில் கருப்பு வயர் எந்தக் காலில் இருந்ததோ அதுதான் கேத்தோடு, கோடு இருக்க வேண்டிய பக்கம்.

இரண்டு பக்கமும் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டி மீட்டர் கத்தினால் ஷார்ட். இரண்டு பக்கமும் ஓஎல் என்றால் ஓபன். 0.15 முதல் 0.3 வரை வந்தால் ஷாட்கி, அல்லது பழைய ரேடியோவின் ஜெர்மானியம். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல டையோடை மீட்டரில் மாட்டிவிட்டு இரண்டு விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள், எண் மெல்ல இறங்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்து அளந்தால் எண் குறைவாக வருவதற்குக் காரணம் இதுதான்.

போர்டிலேயே வைத்து அளந்த எண்ணை முழுதாக நம்பக் கூடாது. பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாகவும் மீட்டரின் மின்னோட்டம் போகும். சந்தேகம் வந்தால் ஒரு காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கண்டன்சர்களை ரெசிஸ்டர் வைத்து வெறுமையாக்க வேண்டும்.

முள் ஆடும் பழைய மீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓம்ஸ் அளவில் அந்த மீட்டர்களின் கருப்பு வயரில்தான் உள்பேட்டரியின் ப்ளஸ் வரும். சிவப்பில் மைனஸ். அதனால் டிஜிட்டலில் படித்த விதி அப்படியே தலைகீழாகும். இதை அறியாமல் நல்ல போர்டில் டையோடுகளையெல்லாம் திருப்பி வைத்தவர்கள் உண்டு.

நான்கு டையோடு வைத்து ஒரு பிரிட்ஜ்

0-12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007, 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டன்சர் ஒன்று. அரை ஆம்பியர் எடுக்கும் வேலைக்கு இது போதும்.

முதலில் இரண்டு டையோடுகளை எடுத்து வளையம் உள்ள கால்களைச் சேர்த்து முறுக்குங்கள். அந்த முடிச்சு ப்ளஸ். அடுத்த இரண்டில் வளையம் இல்லாத கால்களைச் சேருங்கள். அது மைனஸ். மிச்சம் நான்கு கால்கள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு காலை எடுத்து, வளையமுள்ள கால் ஒன்றும் வளையமில்லாத கால் ஒன்றுமாகச் சேருங்கள். அப்படிக் கிடைக்கும் இரண்டு முடிச்சுகளிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு வயர்களை எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம். படத்தில் இதை வைரக்கல் வடிவில் வரைவார்கள். நான்கு முக்கோணங்களின் மூக்கும் ப்ளஸ் மூலையை நோக்கியே பார்க்கும். ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்த்தால் படமே தப்பு.

இப்போது கண்டன்சர். அதன் உடம்பில் உள்ள பட்டை மைனஸைக் காட்டும். டையோடில் வளையம் இருந்த முடிச்சு ப்ளஸ். ஆகவே டையோடின் வளையமும் கண்டன்சரின் பட்டையும் ஒன்றாகச் சேரவே கூடாது. கோட்டோடு கோடு சேர்ப்பதாக நினைத்து இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கண்டன்சரைத் திருப்பி வைத்தால் சூடாகி, உப்பி, மண்டை வெடிக்கும். முகத்தை அருகில் வைத்துக்கொண்டு முதல் முறை மின்சாரம் கொடுக்காதீர்கள்.

நான்கில் ஒரு டையோடு திரும்பியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இரண்டாவது அரைச் சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு வயர்களும் வரிசையாக நிற்கும் இரண்டு டையோடுகள் வழியாக நேராக ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், டையோடு சில நொடியில் சூடாகிச் செத்துவிடும். முதன்முறை சோதிக்கும்போது பிரைமரியில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கத்தில், 40 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸாகப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் எல்லாம் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்தித் திசைகளைப் பாருங்கள். பல்பு இருந்தாலும் அந்தப் பக்கம் 230 வோல்ட்தான், கை வைக்கக் கூடாது.

சரியாகச் செய்திருந்தால் சுமை இல்லாமல் 16 முதல் 18 வோல்ட் வரை டிசி கிடைக்கும். 12 வோல்ட் எங்கே போயிற்று என்று பயப்பட வேண்டாம். 12 என்பது ஆர்எம்எஸ் எனப்படும் பயனுறு மதிப்பு, உச்சம் சுமார் 17. சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரே 12-க்குக் கொஞ்சம் மேலேதான் கொடுக்கும். இரண்டு டையோடுகள் சேர்ந்து ஒன்றரை வோல்ட் அளவுக்குச் சாப்பிடும். அரை ஆம்பியர் எடுத்தால் மேலும் இறங்கி, 2 வோல்ட் அளவுக்கு அலையும்.

பிரிட்ஜில் ஒரு டையோடு ஓபன் ஆகிவிட்டால் சப்ளை நிற்காது, அதுதான் ஏமாற்றும். முழு அலை அரை அலையாகி, நொடிக்கு 100 முறை நிறைய வேண்டிய கண்டன்சர் 50 முறைதான் நிறையும். ஆம்ப்ளிஃபயரில் கனத்த இரைச்சல் கேட்கும், சத்தம் கூட்டினால் வோல்டேஜ் தொங்கும். கண்டன்சரைத்தான் எல்லோரும் முதலில் மாற்றுவார்கள். அதற்கு முன்னால் பிரிட்ஜை அளந்து பாருங்கள்.

ரெடிமேட் பிரிட்ஜை அளப்பதும் எளிது. டையோடு நிலையில் சிவப்பை மைனஸ் காலில் வைத்து, கருப்பை அலைக்குறி (~) போட்ட இரண்டு ஏசி கால்களிலும் மாறி மாறி வையுங்கள், 0.5 அளவில் வர வேண்டும். அடுத்துக் கருப்பை ப்ளஸ்ஸில் வைத்து, சிவப்பை அதே இரண்டு கால்களில் வையுங்கள், அதே எண். சிவப்பு மைனஸிலும் கருப்பு ப்ளஸ்ஸிலும் இருந்தால் இரண்டு டையோடு சேர்ந்து 1 வோல்ட்டை ஒட்டி வரும். மற்ற எல்லாம் ஓஎல். சதுர உலோக பிரிட்ஜில் வெட்டுப்பட்ட மூலை ப்ளஸ், அதற்கு நேர் எதிர் மூலை மைனஸ். வட்ட பிரிட்ஜில் நீளமான கால் ப்ளஸ்.

ஜீனர்

ஜீனர் வேலை செய்வதே எதிர்த்திசையில்தான். அதனால்தான் வளையம் ப்ளஸ்ஸைப் பார்த்து நிற்கிறது. சுவர் குறிப்பிட்ட வோல்டேஜில் விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் ஏற விடாது. 5.1 வோல்ட் ஜீனரைச் சோதிக்க 12 வோல்ட் சப்ளையின் ப்ளஸ்ஸில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் மறுமுனையில் ஜீனரின் வளையமுள்ள காலைச் சேர்த்து, மறு காலை மைனஸுக்குக் கொடுங்கள். ஜீனரின் குறுக்கே 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் நல்லது. 0.7 வந்தால் திருப்பி வைத்திருக்கிறீர்கள். 12 வந்தால் ஓபன், பூஜ்ஜியம் என்றால் ஷார்ட். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஜீனர் அப்போதே போய்விடும். கண்ணாடி ஜீனரும் 4148-உம் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் உடம்பில் உள்ள எண்ணை லென்ஸ் வைத்துப் படிக்காமல் மாற்ற வேண்டாம்.

எல்இடி, சீரியல் செட்

புது எல்இடியில் நீளக் கால் ஆனோடு. கால் வெட்டிய பிறகு விளிம்பைத் தடவுங்கள், தட்டையாகச் சீவிய பக்கம் கேத்தோடு. உள்ளே பெரிய தகடு தெரியும் பக்கம் கேத்தோடு என்பது பெரும்பாலும் சரி, எல்லா எல்இடிக்கும் இல்லை. அதை மட்டும் நம்பாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும். எரிந்தால் பேட்டரியின் ப்ளஸ் பக்கம் ஆனோடு. சிவப்புக்கு 2 வோல்ட் அளவும், வெள்ளை, நீலத்துக்கு 3 வோல்ட் அளவும் வேண்டும். வெள்ளை எல்இடி சாதாரண மீட்டரில் ஓஎல் காட்டினால் அது கெட்டதாக அர்த்தமில்லை, மீட்டரின் வோல்டேஜ் போதவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கும் முளைப்பாரிக்கும் கட்டும் சீரியல் செட்டில் ஒரு எல்இடி போனால் அந்த வரிசையே இருளும். அதை மாற்றும்போது ஒன்றைத் திருப்பி வைத்தாலும் முழு வரிசையும் எரியாது. சாதாரண எல்இடி எதிர்த்திசையில் 5 வோல்ட்தான் தாங்கும் என்பதால், வரிசையின் வோல்டேஜ் அனைத்தும் அந்த ஒன்றின் தலையில் விழுந்து அது கருகிவிடும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மாற்ற வேண்டிய எல்இடியின் இரு பக்கத்து எல்இடிகளையும் பாருங்கள். ஒன்றின் கேத்தோடு அடுத்ததன் ஆனோடைத் தொட்டுக்கொண்டே போகும்.

ரிலேயும் மைக் செட்டும்

மேல்நிலைத் தொட்டிக்குப் போடும் ஆட்டோமேடிக் கண்ட்ரோலரில் ரிலே காயிலின் குறுக்கே ஒரு 4007 இருக்கும். வளையம் ப்ளஸ் பக்கம். காயில் அணையும்போது கிளம்பும் எதிர் வோல்டேஜை அது அமர்த்துகிறது. டையோடு இல்லாவிட்டால் அந்த அடி டிரான்சிஸ்டரில் விழும். திருப்பி வைத்தால் இன்னும் மோசம். டிரான்சிஸ்டர் ஆன் ஆன கணமே சப்ளை முழுவதும் டையோடு வழியாக ஷார்ட் ஆகி, டிரான்சிஸ்டரும் போகும்.

பேட்டரியில் ஓடும் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் 12 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் ஃப்யூசுக்குப் பிறகு ஒரு தடித்த டையோடு, வளையம் ப்ளஸ்ஸிலும் மறு கால் மைனஸிலுமாக நிற்கும். சாதாரணமாக அது சும்மா இருக்கும். இருட்டில் யாராவது கிளிப்பை மாற்றிப் போட்டால் அது திறந்துகொண்டு, ஃப்யூசைப் பறக்க விட்டு, ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும். டையோடை வரிசையில் போடாமல் குறுக்கே போடுவதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையில் போட்டால் 5 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்குப் பக்கம் வீணாகி, 5 வாட் சூடாக மாறும்.

ஃப்யூசுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் கம்பி போவதற்கு முன் டையோடு போகும். பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். பிறகு ஃப்யூஸ் போட்டுப் பேட்டரியைச் சரியாக மாட்டினாலும் அது பறந்துகொண்டே இருக்கும். அந்த டையோடை வெட்டி எறிந்தால் செட் பாடத் தொடங்கும், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அடுத்த முறை கிளிப் மாறினால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அனைத்தும் போகும். குறைந்தது ஒரு 5408-ஐ அதே இடத்தில், வளையம் ப்ளஸ்ஸைப் பார்க்க வைத்துச் சால்டர் செய்யுங்கள். அதன் முன்னால் செட்டில் எழுதியிருக்கும் அளவுள்ள ஃப்யூசையே போடுங்கள். பிறகு பேட்டரி வயரின் ப்ளஸ் கிளிப்பில் சிவப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மைனஸ் கிளிப்பில் ஒன்றும் சுற்றாமல் விடுங்கள். இருட்டில் தடவினாலும் எது எது என்று விரலுக்குத் தெரியும்.